அந்தப் பட்டியலில் அத்தை பெயர் இல்லை

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கும் எங்களுக்கு ஆகஸ்ட் 29 வந்தால் ஒரு வேலை நிச்சயம். தயான் சந்த் பிறந்த நாள், தேசிய விளையாட்டு தினம். ‘வறுமையை வென்ற வீராங்கனை’, ‘குடிசையிலிருந்து கோப்பை வரை’ என்று தலைப்பு வைத்து ஒரு போட்டோ ஸ்டோரி போடுவோம். நானே நாலைந்து போட்டிருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, புதுக்கோட்டை மாவட்டத்தில் நான் படித்த பள்ளியின் முன்னாள் மாணவர் குழுவிலிருந்து ஓர் அண்ணன் போன் செய்தார். “நம்ம ஸ்கூல்ல படிச்ச பழைய விளையாட்டு வீரர்களை ஆண்டு விழாவுல கௌரவிக்கப் போறோம்மா. நீதான் பத்திரிகையில இருக்கியே, ஆளுக்கு நாலு வரி எழுதிக் குடு.”

சந்தோஷமாகச் சரி என்றேன். பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது. மொத்தம் ஒன்பது பேர். போலீஸில் இரண்டு பேர், ரயில்வேயில் ஒருவர், ராணுவத்தில் ஒருவர், பி.இ.டி. ஆசிரியர்களாகவே ஆகிவிட்ட மூன்று பேர், இப்படி. பெண் ஒரே ஒருவர். ‘1988, பெண்கள் 400 மீட்டர், மாநிலப் போட்டியில் பங்கேற்பு’ என்று இருந்தது.

1988, 400 மீட்டர் என்றதும் எனக்கு அத்தை ஞாபகம் வந்தது.

அப்பாவின் தங்கை. ஊரில் அவரை இன்றைக்கும் வயதானவர்கள் ‘உஷா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அது அவர் பெயர் இல்லை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி.உஷா நூறில் ஒரு பங்கு நொடியில் வெண்கலத்தைக் கோட்டைவிட்டார், 1986 சியோல் ஆசியப் போட்டியில் நான்கு தங்கம் வாங்கினார் அல்லவா? அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் கொஞ்சம் வேகமாக ஓடிய பெண் பிள்ளை அத்தனை பேருக்கும் ஊர் வைத்த பெயர் அது. உங்கள் தெருவிலும் ஓர் உஷா இருந்திருப்பார்.

போன் செய்தேன். “அத்தை, நீங்க டிஸ்ட்ரிக்ட்ல ஃபர்ஸ்ட் வந்தீங்கதானே? எந்த வருஷம்?”

“பத்தாவது படிக்கறப்ப. எண்பத்தெட்டு. எதுக்கு பாப்பா?”

விஷயத்தைச் சொன்னேன். பட்டியலில் இருந்த பெண்ணின் பெயரைச் சொன்னதும் அத்தை சத்தமாகச் சிரித்தார். “அவ எனக்கு அடுத்து வந்தவ! ரெண்டாவது!”

கதை இதுதான். மாவட்டத்தில் முதலிடம் வந்தவரை மாநிலப் போட்டிக்கு அனுப்ப வேண்டும். வெளியூர், மூன்று நாள் தங்கல். கூட வருகிற பி.இ.டி. சார் ஆண். துணைக்கு டீச்சர் யாரும் கிடையாது. “பொம்பளப் புள்ளைய அப்படி அனுப்ப முடியாது” என்று தாத்தா சொல்லிவிட்டார். சார் இரண்டு முறை வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசிப் பார்த்திருக்கிறார். மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது வந்தவரின் அப்பா, தானே லீவு போட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த மாநிலச் சான்றிதழ் அவரை அடுத்தடுத்த இடங்களுக்கு அழைத்துப் போயிருக்கிறது. இன்று அரசுப் பணியில் இருக்கிறார். அத்தை, அடுத்த வருடம் டைப்ரைட்டிங் கிளாஸ், அதற்கு அடுத்த வருடம் கல்யாணம்.

அண்ணனிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர்தான், பொறுமையாகவே பதில் சொன்னார். “ஸ்டேட் லெவல் போனவங்க மட்டும்னு முடிவு பண்ணிட்டோம்மா. இல்லேன்னா லிஸ்ட் நூறு பேருக்குப் போயிடும். சர்ட்டிபிகேட் ஏதாவது இருக்கா?”

சான்றிதழ் இல்லை. வீடு மாறியபோது டிரங்குப் பெட்டியோடு செல்லரித்துப் போனது. பள்ளி வராந்தாவில் ஒரு கரும்பலகை இருந்ததாம். வருடம், பெயர், போட்டி, நேரம் என்று வெள்ளை பெயின்ட்டில் எழுதியிருப்பார்களாம். சுவருக்கு டைல்ஸ் ஒட்டியபோது அதையும் கழற்றிவிட்டார்கள்.

இதில் எனக்கு ஒரு கோபம் உண்டு. அரசாங்கம் சான்றிதழ் கேட்பது புரிகிறது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு, நலிந்த முன்னாள் வீரர்களுக்கு மாத ஓய்வூதியம் என்று கொடுக்கும்போது, தேசியப் பதக்கமா, சர்வதேசப் பதக்கமா என்று பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆனால், பள்ளிக்கூடமும் அதே கணக்கைப் பார்த்தால் எப்படி? மாவட்டப் போட்டியில் வெறுங்காலோடு முதலில் வந்த ஒரு பெண்ணை ஞாபகம் வைத்திருக்க உலகத்தில் அந்த ஒரு கட்டடத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. தவிர, ‘மாநிலம் போனவர்கள்’ என்று கோடு போட்டால், அந்தக் காலத்துப் பெண்களில் வேகமானவர்களா உள்ளே வருவார்கள்? வீட்டில் அனுப்பியவர்கள்தான் வருவார்கள்.

கௌரவம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு சாந்தி ஞாபகம் வரும். கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். அப்போதைய முதல்வர் கருணாநிதி, பதக்கம் போனாலும் பரவாயில்லை என்று 15 லட்ச ரூபாய் கொடுத்தார். ஆனாலும், சில வருடங்கள் கழித்து அவர் செங்கல் சூளையில் வேலை பார்ப்பதாகச் செய்தி வந்தது. ‘சூளையிலிருந்து சிகரம்’ என்று தலைப்பு வைக்கும் எங்களுக்கு, சிகரத்திலிருந்து சூளைக்கு வந்தவரை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. டி.வி-யில் அந்தப் பந்தயத்தைக் காட்டியபோது அத்தை உட்காராமல் நின்றுகொண்டே பார்த்தது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. பதக்கம் பறிபோன செய்தி வந்த அன்று அவர் என்ன சொன்னார் என்பது நினைவில்லை.

ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போய், பள்ளியில் அனுமதி வாங்கி, பழைய பதிவேடுகள் இருந்த பீரோவைத் திறந்தேன். அரை நாள் தும்மல். நீல மையில் எழுதிய விளையாட்டுப் பதிவேடு ஒன்று, அட்டை கிழிந்து, கிடைத்தது. 1988 பக்கத்தில் அத்தை பெயர் இருந்தது. 400 மீட்டர், 66.4 நொடி. அதற்குக் கீழே, ‘மாநிலப் போட்டிக்குச் செல்லவில்லை’ என்று சார் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி மாதிரி ஏதோ கிறுக்கியிருந்தார். அதே பதிவேட்டில், வேறு வேறு வருடங்களில், ‘செல்லவில்லை’ என்று இன்னும் சில பெண்களின் பெயர்களுக்கு எதிரே இருந்தது. எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். “அழைப்பிதழ் பிரின்ட்டுக்குப் போயிடுச்சேம்மா. அடுத்த வருஷம் பார்ப்போம்” என்றார்.

“அப்ப நீங்க வர வேண்டாம் அத்தை” என்றேன்.

“நான் ஏன் வராம? அவ வர்றாள்ல. முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு அவளைப் பார்த்து.”

விழா அன்று அத்தை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது பேருக்கும் சால்வை போர்த்தினார்கள். நான் எழுதிய நாலு நாலு வரிகளைத் தமிழ் ஐயா மைக்கில் வாசித்தார். அந்த அம்மா மேடையிலிருந்து இறங்கியதும், தனக்குப் போட்டிருந்த முன்வரிசை நாற்காலியைத் தாண்டி, நேராக அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “உஷா!” என்றார். அவ்வளவுதான், இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

மாவட்டக் கல்வி அதிகாரி பேச ஆரம்பித்தார். நான் போட்டோ எடுத்து முடித்துத் திரும்பிப் பார்த்தால், இரண்டு பேரையும் காணோம். மைதானத்தின் கிழக்குக் கோடியில், வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். பக்கத்தில் போனேன். அந்த வளைவில் தரை வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கும், உள்கோடு கிடைத்தால் யாருக்கு லாபம் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

“அன்னிக்கு எனக்கு உள்கோடு கிடைச்சிருந்தா நான்தான் ஃபர்ஸ்ட்டு” என்றார் அந்த அம்மா.

“வந்திருப்ப, வந்திருப்ப” என்றார் அத்தை. பிறகு என்னைப் பார்த்து, “பாப்பா, அந்த நோட்டுல என் டைம் போட்டிருந்ததே, எவ்வளவுன்னு இவகிட்ட சொல்லு” என்றார்.