இந்தியாவுக்குள்ள வங்காளதேசம்... அதுக்குள்ள இந்தியா!

சி லேப்ல ‘நெஸ்டட் லூப்’ போடச் சொன்னா தலை சுத்துதா ஃப்ரெண்ட்ஸ்? அந்த லூப்பை நிலத்துலயே போட்டு வெச்சிருந்த ஊர் ஒண்ணு இருக்கு. பேரு தஹாலா கக்ராபாரி. வெளியே வங்காளதேசம். அதுக்குள்ள இந்தியாவுக்குச் சொந்தமான ஒரு திட்டு. அந்தத் திட்டுக்குள்ள ஒரு வங்காளதேசக் கிராமம். அந்தக் கிராமத்துக்குள்ள மறுபடியும் இந்தியா! கடைசியா வர்ற அந்த இந்தியா சுமார் ஒண்ணே முக்கால் ஏக்கர்தான். வெறும் சணல் வயல். 2015 வரைக்கும் உலகத்துலயே இப்படி ஒரே ஒரு இடம்தான் இருந்துச்சு.

மேற்கு வங்காளத்தின் கூச் பெஹார் பக்கம் மொத்தம் 162 திட்டுகள். எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தியாவுக்கு 111, இந்தப் பக்கம் வங்காளதேசத்துக்கு 51. ‘சிட்மஹால்’ என்பது ஊர்க்காரங்க வெச்ச பேரு. கூச் பெஹார் ராஜாவும் ரங்க்பூர் அதிகாரியும் கிராமங்களைப் பணயமா வெச்சு செஸ் ஆடினதால வந்த வினைன்னு அங்கே ஒரு கதை உண்டு. நிஜத்தில், 18-ம் நூற்றாண்டு ஆரம்பத்தில் கூச் பெஹாரும் முகலாயர்களும் சண்டை போட்டு சமாதானமானபோது, யார் கையில் எந்தக் கிராமம் இருந்ததோ அது அப்படியே நின்னுடுச்சு. 1947-ல் நாடு பிரிஞ்சு, 1949-ல் கூச் பெஹார் இந்தியாவோடு சேர்ந்ததும், அத்தனை கிராமமும் அந்நிய மண்ணுக்குள்ள லாக்!

பஸ் பாஸுக்கு ‘போனஃபைடு’ வாங்க ஆபீஸ் வாசல்ல ரெண்டு நாள் நின்னாலே நமக்குக் கடுப்பாகுது இல்லையா? இந்தத் திட்டுகள்ல இருந்தவங்களுக்குத் தர சர்டிஃபிகேட்டே கிடையாது பாஸ். சொந்த நாட்டு அரசாங்கம் உள்ளே வர முடியாது. சுத்தியிருக்கிற நாட்டுக்கு இவங்க வெளிநாட்டுக்காரங்க. கரன்ட், ஸ்கூல், ஆஸ்பத்திரி எதுவும் இல்லை. புள்ளையை ஸ்கூல்ல சேர்க்க, பக்கத்து ஊர்க்காரரை ‘அப்பா’ன்னு எழுதினாங்க. பிரசவத்துக்குப் போன பெண்கள், வேற யாரோ ஒருத்தரைக் கணவர்னு சொல்லி அட்மிட் ஆனாங்க.

இந்திரா காந்தியும் முஜிபுர் ரஹ்மானும் 1974-லேயே ‘மாத்திக்கலாம்’னு கையெழுத்துப் போட்டாச்சு. ஆனா, இந்திய நிலத்தைக் கொடுக்கணும்னா அரசியல் சட்டத்தையே திருத்தணும். கணக்குப் பாருங்க... நாம கொடுக்க வேண்டியது 17,160 ஏக்கர், நமக்கு வர்றது 7,110 ஏக்கர். ‘பத்தாயிரம் ஏக்கர் நஷ்டமா?’ன்னு எதிர்ப்பு கிளம்பாம இருக்குமா? இழுத்து இழுத்து, நூறாவது திருத்தம் 2015 மே மாசம்தான் பாஸ் ஆச்சு. 41 வருஷ அரியர்! அந்த ஜூலை 31 நள்ளிரவில் திட்டுகள் கைமாறின. இந்தப் பக்கம் மஷால்டாங்காவில் 68 மெழுகுவத்தி ஏத்தினாங்க. நாடில்லாம கழிச்ச வருஷம் ஒண்ணுக்கு ஒரு மெழுகுவத்தி. இந்தியாவுக்குள்ள இருந்த 51 திட்டுகள்லயும் சேர்த்து 14,000-க்கும் மேல மக்கள். அதுல ஒருத்தர்கூட வங்காளதேசம் போறேன்னு சொல்லலை.

சரி, இப்போ போனா பார்க்க என்ன இருக்கு? நேரா ‘தீன் பிகா’வுக்குப் போங்க. சென்னையிலிருந்து நியூ ஜல்பாய்குரிக்கு ரெண்டு ராத்திரி ரயில். அங்கிருந்து மேக்லிகஞ்ச் வழியா ரோடு. கையில ஐ.டி. கார்டு முக்கியம். தஹாகிராம்-அங்கோர்போதா என்கிற வங்காளதேசத் திட்டு மட்டும் 2015-ல் கைமாறலை. அதைத் தாய்நாட்டோடு இணைக்கிறது இந்திய மண்ணில் போடப்பட்ட ஒரு பாதை. அதுதான் தீன் பிகா. நீளம் 178 மீட்டர், அகலம் 85 மீட்டர். ரெண்டு நிமிஷ நடை. நம்ம ஊர் ரோடும் அவங்க ரோடும் குறுக்கே வெட்டிக்கிற ஜங்ஷன்ல, எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் டிராஃபிக் போலீஸ் வேலை பார்ப்பார். பாஸ்போர்ட் இல்லாமலே அவங்க நம்ம நாட்டைக் கடந்து போறாங்க.

1992-ல் இந்தப் பாதையைத் திறந்தப்போ பகல்ல மட்டும்தான், அதுவும் மணிக்கணக்கு பார்த்துத்தான் விட்டாங்க. ராத்திரி யாருக்காவது நெஞ்சு வலி வந்தா? கேட் திறக்கிற வரைக்கும் காத்திருக்கணும். 24 மணி நேரமும் திறந்தது 2011 அக்டோபரில்தான்.

இதனால ரெண்டு நாடும் திக் ஃப்ரெண்ட்ஸ் ஆகிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க. பக்கத்துல ஓடுற டீஸ்டாவின் தண்ணியைப் பங்கு போடுற ஒப்பந்தம், அதே 2011-ல் கையெழுத்தாகிற நேரத்துல நின்னுபோச்சு. 2025 ஜனவரியில் தீன் பிகா பக்கத்துலயே முள்வேலி போடுற விஷயத்துல ரெண்டு பக்கமும் முறைச்சுக்கிட்டாங்க. ஆனா, 50,000 பேருக்கு ஒரே ராத்திரியில் நாடு கிடைச்சதும் இதே மண்ணுலதான். அதுக்கு நாம கொடுத்த விலை பத்தாயிரம் ஏக்கர். அது நஷ்டமா, லாபமா? ஜங்ஷன்ல நின்னு, ரோட்டைக் கடக்கிற அந்த ஸ்கூல் பசங்களைப் பார்த்துட்டு நீங்களே கணக்குப் போடுங்க!