பூட்டு போட்ட பாதையும் திறந்து கிடந்த எக்ஸ்ரேவும்

கொஞ்சம் நீளமான த்ரெட். இன்னைக்கு மருத்துவக் குறிப்பு இல்லை, ஒரு வெப்சைட்ல நான் பண்ணின தப்பு. சொந்தமா சைட் வெச்சிருக்கிறவங்க, கிளினிக்குகளுக்கு சைட் போட்டுக் கொடுக்கிறவங்க அவசியம் படிங்க.

ஹவுஸ் சர்ஜன்களுக்குப் பாடம் எடுக்க எக்ஸ்ரே படங்களைச் சேர்த்து ஒரு சின்ன சைட் வெச்சிருந்தேன். வாடகை சர்வர், அதில் என்ஜின்எக்ஸ். படங்கள் எல்லாம் /எக்ஸ்ரே/ என்ற பாதைக்குக் கீழே. அந்தப் பாதைக்குப் பாஸ்வேர்ட் போட்டேன். திறந்து பார்த்தேன், கேட்டது. நிம்மதியா டூட்டிக்குப் போயிட்டேன்.

ஒருநாள் நைட் டூட்டியில் ஒரு தம்பி ஒரே ஒரு படத்தோட லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சார், இது எஃப்யூஷன்தானே?"ன்னு கேட்டான். என்னுது புது ஃபோன், அதில் அந்த சைட்டை நான் திறந்ததே இல்லை. லிங்க்கைத் தொட்டதும் படம் வந்து நின்னுது. பாஸ்வேர்ட் கேட்கவே இல்லை. ஓரத்தில் நோயாளியோட பேரும் வயசும்.

எஃப்யூஷன்தான். பதில் போட்டுட்டு லேப்டாப்பைத் திறந்து முதல் வேலையா சைட்டை நிறுத்தினேன்.

என்ன நடந்ததுன்னா, சைட் வேகமா திறக்கணும்னு எங்கேயோ பார்த்த நாலு வரியைக் காப்பி பண்ணிப் போட்டிருந்தேன். "ஜேபிஜி, பிஎன்ஜின்னு முடியிற எந்தக் கோப்பா இருந்தாலும் 30 நாள் பிரவுசரிலேயே வெச்சுக்கோ" என்கிற விதி. முன்னாடி அப்பாச்சி பயன்படுத்தின பழக்கம் எனக்கு. அதில் பொருந்துற பகுதிகள் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா சேரும். பாஸ்வேர்டும் இருக்கும், 30 நாளும் இருக்கும். என்ஜின்எக்ஸ் அப்படி இல்லை. வர்ற முகவரிக்கு ஒரே ஒரு 'லொகேஷன்' பகுதியைத் தேர்ந்தெடுக்கும். மத்ததைக் கண்டுக்காது.

எங்க ஓபி கவுன்ட்டரை வெச்சுச் சொல்றேன். "கர்ப்பிணிகள் மகப்பேறு பிரிவுக்கு"ன்னு ஒரு போர்டு. பக்கத்தில் "காய்ச்சல் இருந்தா காய்ச்சல் வார்டுக்கு"ன்னு இன்னொண்ணு. காய்ச்சலோட ஒரு கர்ப்பிணி வந்தா எங்கே போகணும்? மனுஷங்கன்னா ரெண்டு பிரிவுக்கும் தகவல் சொல்வோம். என்ஜின்எக்ஸ் காய்ச்சல் வார்டுக்கு மட்டும் அனுப்பிடும்.

அதோட கணக்கு இது. முதலில் முகவரியோட தொடக்கத்தைப் பார்க்கிற விதிகளில் எது ரொம்ப நீளமா பொருந்துதோ அதை மனசில் வெச்சுக்கும். முடிவு பண்ணாது. அப்புறம் ~ குறி போட்ட ரெகுலர் எக்ஸ்பிரஷன் விதிகளைக் கோப்பில் எழுதின வரிசையில் பார்க்கும். முதலில் பொருந்தினது எதுவோ அதுதான் ஜெயிக்கும். எதுவுமே பொருந்தலைன்னாதான் மனசில் வெச்சிருந்ததுக்குத் திரும்பும். (= போட்ட விதி அச்சு அசலா பொருந்தினா இந்தத் தேடலே கிடையாது.) கேள்விக்குறிக்கு அப்புறம் வர்ற பகுதியை இந்தப் பொருத்தத்தில் சேர்க்கிறதே இல்லை.

அதனால் /எக்ஸ்ரே/ பக்கம் பாஸ்வேர்ட் கேட்டது. உள்ளே இருந்த படங்கள் மட்டும் பட விதிக்குப் போய்ப் பூட்டில்லாம வெளியே வந்தது. நான் சோதிச்சது பக்கத்தை மட்டும்தான். கான்ஃபிக் சரிபார்க்கிற கட்டளையும் எல்லாம் சரின்னே சொல்லுச்சு. அது எழுத்துப்பிழைதான் பார்க்கும், நம்ம மனசில் இருக்கிறதைப் பார்க்காது.

திருத்தம் ரெண்டே குறி. /எக்ஸ்ரே/ முன்னால் ^~ போட்டேன். "இந்தத் தொடக்கம்தான் நீளமா பொருந்துதுன்னா ரெகுலர் எக்ஸ்பிரஷன் பக்கமே போகாதே"ன்னு அர்த்தம். கர்ப்பிணி சீட்டில் சிவப்பு முத்திரை குத்துற மாதிரி. பேர் இருந்த ஓரங்களையும் வெட்டினேன். முதல் நாளே செஞ்சிருக்க வேண்டிய வேலை அது.

நீங்க சோதிக்கிறதா இருந்தா, உள்ளே இருக்கிற ஒரு கோப்போட முழு முகவரியை லாகின் பண்ணாத ஃபோனில் போட்டுப் பாருங்க. பாஸ்வேர்ட் கேட்டா சரி.

லாகில் 14 நாள் பதிவுதான் இருந்தது. எங்க ஆளுங்க தவிர ஒரு ஐபி நாலு படம் எடுத்திருந்தது. யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. காலையில் சீஃப்கிட்ட போய்ச் சொன்னேன். திட்டினார், அது நியாயம்தான். நாலு பேரையும் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒரு அம்மாவுக்குக் கோபம். ரெண்டு பேருக்கு விஷயம் புரியலை. எஃப்யூஷன் பெரியவர் அமைதியா கேட்டுட்டு, "படத்துல சளி குறைஞ்சிருந்துச்சா டாக்டர்?"னு கேட்டார்.