சூலூருக்கு வந்த கடற்பருந்து
(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

"ஏதாச்சும் எழுதிக் குடுடா, ரெண்டு பக்கம் காலியா இருக்கு" என்று மாணவர் பேரவைச் செயலாளர் கேன்டீனில் வைத்துக் கேட்டான். கவிதை எழுதலாம் என்றால், இந்த மலருக்கு ஏற்கனவே பதினேழு காதல் கவிதைகள் வந்து சேர்ந்துவிட்டதாகக் கேள்வி! அதனால் நண்பர்களே, நான் ஒரு விமானத்தைப் பற்றி எழுதுகிறேன். அந்த விமானத்தால்தான் எனக்கு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் அரியர் விழுந்தது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பு முழுக்கத் தெரிந்த விஷயம்தானே, மறைத்து என்ன ஆகப் போகிறது.

எங்கள் ஊர் சூலூருக்குப் பக்கம். வீட்டோடு சேர்ந்த ஷெட்டில் நாலு தறி. காங்கேயம்பாளையம் விமானப்படைத் தளம் கூப்பிடு தூரம். 2018-ல் 45-ஆம் ஸ்குவாட்ரன், 2020 மே மாதம் 18-ஆம் ஸ்குவாட்ரன் என்று இரண்டு தேஜஸ் பிரிவுகள் இங்கே வந்துவிட்டன. தேஜஸ் தலைக்கு மேலே போகும்போது நாலு தறியும் ஓடுவதே காதில் விழாது. எங்கள் ஊர்ப் பொடியன்களுக்கு பஸ் நம்பர் தெரிகிறதோ இல்லையோ, தேஜஸ் தெரியும்.

ஆனால் எங்கள் அப்பாருக்குத் தேஜஸ் பெரிசில்லை. அவர் சின்ன வயதில் அந்தத் தளத்து வேலியோரம் ஆடு மேய்த்தவர். அவர் சொல்லும் கதை வேறே.

"இதென்ன ஏரோப்ளானு! அன்னைக்குக் கப்பல்படைக்காரன் ஏரோப்ளான் இங்க வந்து எறங்குமடா. வால்ல பொக வராது, ரெண்டு அக்குள்லயும் வரும். நிறுத்துனதும் கோழியாட்ட றெக்கையை மடக்கிக்கும். ரெண்டு மூணு வருசம் இருந்தானுக, அப்புறம் எங்கியோ போயிட்டானுக."

இதைக் கேட்டு வீட்டில் சிரிக்காதவர்கள் கிடையாது. நான் ஒன்பதாவது படிக்கையில் ஒரு நோம்பிக்கு ஒறம்பரை எல்லாம் வந்திருந்த நேரம், அப்பாரு இதையே ஆரம்பித்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். வீட்டிலேயே படிக்கிற ஒரே ஆள் என்கிற திமிர்! "ஏனுங் அப்பாரு, கப்பல்படைன்னா கடல் வேணுமுங். நம்மூர்ல நொய்யல்லயே தண்ணி இல்லீங்" என்றேன். பந்தியே சிரித்தது. மாமா முதுகில் தட்டிக் கொடுத்தார். அப்பாரு ஒன்றும் சொல்லாமல் எழுந்து ஆட்டுப்பட்டிப் பக்கம் போய்விட்டார். அதற்கப்புறம் அவர் அந்தக் கதையைச் சொல்லவேயில்லை.

எங்கள் வீட்டில் அப்பா ஐந்தாவது, அம்மா மூன்றாவது. அப்பாரு மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர். டிப்ளமோ என்றால் எத்தனை வருடம் என்பதே நான் சேர்ந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரியும். இரண்டாம் ஆண்டில், "ஆட்டோகேட் போட கம்ப்யூட்டர் இல்லாம முடியாதும்மா" என்று சொன்னேன். அம்மா தள்ளிச் சீட்டு எடுத்து, காந்திபுரத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அதில் ஆட்டோகேட் போட்டேன். சத்தியமாகப் போட்டேன். ஒரு வாரம் கழித்து ஃப்ளைட்கியரும் போட்டேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஃப்ளைட்கியர் என்பது காசில்லாமல் கிடைக்கிற விமான சிமுலேட்டர். உலகம் முழுக்க ஆர்வலர்கள் சேர்ந்து எழுதியது, 1990-களிலிருந்து வளர்ந்து வருகிறது. சுட்டு விளையாடும் கேம் என்று நினைத்து உட்கார்ந்தால் ஐந்தே நிமிடத்தில் வெறுத்துவிடும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே படிக்க வேண்டும். எனக்கு அதுதான் பிடித்தது.

ஒரு ராத்திரி விமானப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 'ஹாக்கர் சீ ஹாக்' என்று ஒன்று இருந்தது. கடற்பருந்து! பெயர் நன்றாக இருக்கிறதே என்று இறக்கினேன். ஓடுதளத்தில் நிற்கிறது. கேமராவைச் சுற்றிப் பின்னால் கொண்டுபோனேன். வாலில் ஓட்டையைக் காணோம். இரண்டு இறக்கையும் உடம்போடு சேருகிற இடத்தில், அக்குளில், பக்கத்துக்கு ஒரு புகைப்போக்கி.

எனக்குக் கை நின்றுவிட்டது.

அப்புறம் விடிய விடியப் படித்தேன். எஞ்சின் ஒன்றே ஒன்றுதான், ரோல்ஸ் ராய்ஸ் நீன். அதன் புகைக்குழாயை இரண்டாகப் பிரித்து இரு பக்கமும் விட்டிருக்கிறார்கள். வால் வரைக்கும் குழாய் போக வேண்டாம் என்பதால், உடம்பின் பின்பக்கத்தில் எரிபொருள் டேங்க் வைக்க இடம் கிடைத்தது. 20 மில்லிமீட்டர் பீரங்கி நாலு. விமானந்தாங்கிக் கப்பலில் இடம் அடைக்காமலிருக்க மடங்கும் இறக்கை. முதல் மாதிரி பறந்தது 1947-ல், பிரிட்டிஷ் கடற்படைக்கு வந்தது 1953-ல். நம் கடற்படையின் 300-ஆம் ஸ்குவாட்ரன் 1960 ஜூலையில் இந்த விமானத்தோடுதான் தொடங்கியது. கடைசியாக வந்த வரிதான் என்னைத் தூக்கிப் போட்டது. கடற்படையின் ஐ.என்.எஸ். ஹன்சா விமானத்தளம் 1961 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட இடம், கோயமுத்தூர் பக்கம் சூலூர்! அந்த டிசம்பரில் கோவா விடுதலையானது. 1964-ல் ஹன்சா அங்கே டபோலிமுக்கு மாறிப் போனது. அப்பாருக்கு அப்போது ஒன்பது பத்து வயது. ரெண்டு மூணு வருசம் என்று அவர் சொன்னதும் சரிதான்.

கடல் இல்லாத ஊர்தான். கப்பல்படை வந்தது நிஜம்தான்.

இதை அப்போதே போய் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது? அதற்குப் பதிலாக அந்த விமானத்தை ஓட்டக் கற்றுக்கொண்டு, ஓட்டியே காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். அங்கேதான் அரியர் வந்தது.

ஃப்ளைட்கியரில் விக்ராந்த் கப்பலை நான் பார்க்கவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ கடலில் அமெரிக்காவின் நிமிட்ஸ் நிற்கும், அதில்தான் பழக வேண்டும். கிளம்புவது சுலபம். எல் அழுத்தினால் கேடபுல்ட்டில் மாட்டும், சி அழுத்தினால் கவண்கல் மாதிரி வீசி எறியும். இறங்குவதுதான் உயிர் போகிற வேலை. கப்பல் நகர்ந்துகொண்டே இருக்கும். கொக்கியை இறக்கிவிட்டு, தளத்தின் குறுக்கே கட்டிய கம்பிகளில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். நீன் பழங்கால எஞ்சின். த்ராட்டிலைத் தள்ளினால் நம்ம வாத்தியார் கேள்வி கேட்டதும் நாம் முழிப்போமே, அந்த மாதிரி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் வேகம் எடுக்கும். அதற்குள் கடலில் இருப்பேன். ஜாய்ஸ்டிக் வாங்கக் காசில்லை, எல்லாம் மவுஸில்தான். நாற்பது தடவைக்கு மேல் தண்ணீரில் விழுந்திருப்பேன். நிமிட்ஸ் ஏறக்குறைய 1,090 அடி நீளம். விக்ராந்த் 700 அடிதான். அந்த 700 அடியில், 1961 மே 18 அன்று, முதல் ஜெட்டாக ஒரு சீ ஹாக்கைக் கொண்டுவந்து இறக்கினார் லெஃப்டினன்ட் தஹிலியானி. பின்னால் கடற்படைத் தளபதியே ஆனவர். ஆகாமல் என்ன செய்வார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மெக்கானிக்கல்காரர்கள் ரசிப்பீர்கள். 1971 போருக்கு முன்னால் விக்ராந்தின் கொதிகலன் டிரம்களில் விரிசல். வெல்டிங்கில் சரி செய்ய முடியாத விரிசல். அழுத்தத்தைக் குறைத்து, வேகத்தையும் குறைத்துத்தான் கப்பலை ஓட்டினார்கள். அப்படிப் போன கப்பலில் இருந்துதான் 1971 டிசம்பர் 4-ல் சீ ஹாக்குகள் கிளம்பிப் போய் காக்ஸ் பஜாரைத் தாக்கின. பவுண்டரியில் வேலை பார்க்கும் என் மாமாவிடம் இதைச் சொன்னேன். "டிரம்மு விரிசல் உட்டா பத்தவெச்சு ஓட்ட முடியாதுடா. ஓட்டிருக்கானுகன்னா, நெஞ்சழுத்தம்தான்" என்றார். பந்தியில் முதுகு தட்டிய அதே மாமா.

போன செமஸ்டர் ரிசல்ட் வந்தது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் போச்சு. வீட்டில் முதல் முறையாக 'அரியர்' என்ற வார்த்தையை விளக்கிச் சொல்ல வேண்டி வந்தது. அம்மா திட்டவில்லை. "சீட்டு இன்னும் பதினோரு மாசம் கட்டோணும்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

அன்றைக்கு ராத்திரி கம்ப்யூட்டரைத் தொடவில்லை. புத்தகத்தை எடுத்தேன். சென்ட்ரிபியூகல் பம்ப் பாடம், இரட்டை உறிஞ்சு இம்பெல்லர் படம். பார்த்த உடனே தெரிந்தது. நீன் எஞ்சினின் கம்ப்ரஸரும் இதே ஜாதி! இரண்டு பக்கமும் காற்றை இழுத்து, சுற்றி வெளியே வீசுகிற ஒரு சக்கரம். நம்ம கோயமுத்தூரில் தெருவுக்குத் தெரு வார்க்கிற சாமானின் பெரியப்பா மகன். மூன்று மாதமாக அந்த எஞ்சின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, பரீட்சை ஹாலில் அந்தப் பத்து மார்க் கேள்விக்கு ஒரு வரி வரவில்லை! பேப்பரைத் திரும்ப எழுதியிருக்கிறேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை, நண்பர்களே.

அப்பாருக்குப் போன மாதம் கண் புரை ஆபரேஷன் ஆனது. பச்சைத் துணியை எடுத்து ஒரு வாரம் ஆன ஒரு ஞாயிற்றுக்கிழமை, தறி ஓடாத நேரம் பார்த்து, ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். சிமுலேட்டரில் சூலூர் தளம் இருக்கிறது. ஊர் கிடையாது, தறி ஷெட் கிடையாது. மேற்கே மலை மட்டும் சரியாக நிற்கும். சீ ஹாக்கை ஓடுதளத்தில் நிறுத்தி, கேமராவை அக்குள் பக்கம் திருப்பினேன்.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "அப்பாரு, நீங்க சொன்னது நெசந்தானுங். 1961-ல வந்திருக்குதுங்" என்றேன். மன்னிப்பு என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை.

"எனக்குத் தெரியாததா" என்றார். பிறகு, "ஓட்டு, பாக்கலாம்."

கிளப்பினேன். சுற்றி வந்து இறக்கப் போனேன். "சத்தம் பத்தாது. அது ஊய்னு ஊளையுட்டுட்டு வரும்" என்றார். ஸ்பீக்கரைக் கூட்டினேன். ஓடுதளம் முன்னால் வந்தது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையில் வேலியோரத்து வெறும் பச்சையில் விரலை வைத்தார்.

"இங்கதான் நிப்பேன். இன்னுங் கொஞ்சம் தாழ எறக்கு கண்ணு... ஆடு மெரளோணுமில்ல."