மேடையில் குகேஷ்... மேஜையில் தபால்காரர்! கடலோரத்தில் ஒரு செஸ் கிராமம்

ஜனவரி மாதம். வட கடலில் இருந்து வீசும் காற்றில் காது மரத்துப்போகிறது. ஒரு பக்கம் மணல் மேடுகள், இன்னொரு பக்கம் இரும்பு ஆலையின் புகைபோக்கிகள். நெதர்லாந்தில் இருக்கும் இந்தச் சின்ன கிராமத்தின் பெயர், வைக் ஆன் ஸே. செஸ் பிரியர்களுக்கோ இது திருவிழா ஊர்!

பக்கத்து ஊரான பெவர்வைக்கில் 1938-ல் இரும்பு ஆலை தொடங்கிய போட்டி, 1968-ல் இங்கே இடம் மாறியது. இன்று அதன் பெயர் டாடா ஸ்டீல் செஸ். நம்ம ஊர் விஸ்வநாதன் ஆனந்த் இங்கே 5 முறை முதலிடம் பிடித்திருக்கிறார்.

ஆனால், இந்த ஊரின் அழகே வேறு. உலக சாம்பியன் ஆடும் அதே கூடத்தில்தான் சாதாரண கிளப் ஆட்டக்காரர்களும் ஆடுகிறார்கள். பத்துப் பத்துப் பேராகக் குழுக்கள். குழுவில் முதலிடம் பிடித்தால், அடுத்த ஆண்டு ஒரு படி மேலே ஆடலாம்.

அப்படி ஒரு மேஜை அருகே நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் காய்களுடன் ஓய்வுபெற்ற தபால்காரர். எதிரே கல்லூரி மாணவி. கடைசிச் சுற்று. அவரிடம் ராணி இருக்கிறது. மாணவியிடம் மூலையில் ஒடுங்கிய ராஜா மட்டும்தான். ஜெயித்தால் குழுவில் முதலிடம். கடிகாரத்தில் சில விநாடிகளே மிச்சம். அவசரத்தில் ராணியைக் குதிரைப் பாய்ச்சல் தூரத்தில் வைக்கிறார். செக் இல்லை, ஆனால், ராஜா நகரவும் இடமில்லை. ஸ்டேல்மேட். ஆட்டம் டிரா!

நான்கு மணி நேர உழைப்பு, ஒரே நகர்த்தலில் அரைப் புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. முதலிடமும் போச்சு.

பெரியவர்களுக்கும் இங்கே சறுக்கும். 2025 பிப்ரவரி 2 அன்று, சம புள்ளிகளுடன் முன்னிலையில் இருந்த குகேஷ், பிரக்ஞானந்தா இருவருமே கடைசிச் சுற்றில் தோற்றார்கள். பிறகு நடந்த டைபிரேக்கில் குகேஷை வென்று பட்டத்தைத் தட்டினார் பிரக்ஞானந்தா.

முடிவில் எல்லோருக்கும் ஆறுதல், சுடச்சுட பட்டாணி சூப். இரண்டாம் உலகப் போருக்குப் பின் உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் தொடங்கிய வழக்கம் இது, இன்றும் தொடர்கிறது.

தபால்காரரும் மாணவியும் கைகுலுக்கிவிட்டு, காய்களை மறுபடி அடுக்குகிறார்கள். ராணியை வேறெங்கே வைத்திருக்கலாம்? அடுத்த ஜனவரி வரை அவர் யோசிக்க, இது போதும்!