இந்தியா டைம்!

லீவு முடிஞ்சு ஊர் திரும்புறதுன்னாலே எனக்கு வயித்தைக் கலக்கும். சிங்கப்பூர்ல அக்கா வீட்டுல இருபது நாள். செந்தோசா, முஸ்தபா சென்டர்னு சுத்திட்டு, சாங்கி ஏர்போர்ட்டுல உம்முனு நின்னேன். போதாக்குறைக்கு பெட்டி ரெண்டு கிலோ கூடுதல்! அக்கா ஆசையா வெச்ச மைலோ டின்னும் கோடாரித் தைலமும் கைப்பைக்கு மாறின.

திருச்சி விமானத்தில் பக்கத்து சீட்டுல ஒரு அண்ணன். புதுக்கோட்டைப் பக்கம், கட்டட வேலை. நான் வாட்ச்சை இரண்டரை மணி நேரம் பின்னாடி திருகினேன். அவர் தன் வாட்ச்சைத் தொடவே இல்லை.

"நீங்க மாத்தலையாண்ணே?"

"இதுல மூணு வருஷமா இந்தியா டைம்தான் தம்பி. பாப்பா ஸ்கூலுக்குக் கிளம்புற நேரம், தூங்குற நேரம் தெரியணும்ல?"

எனக்கு லீவு முடியுது. அவருக்கு அப்பதான் ஆரம்பிக்குது! நாலு மணி நேரமும் அவர் கண்ணை மூடவே இல்லை.

திருச்சியில வெளியே வந்தா, பாப்பா அம்மா புடவைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிச்சு. போன்ல தினமும் பார்த்த முகம்தான், நேர்ல கூச்சம். அவர் பெட்டியை ஓரமா வெச்சுட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். அது வர்ற வரைக்கும் காத்திருந்தார்.

"இளைச்சுட்டியேடா"ன்னு எங்கம்மா ஓடி வந்தாங்க. இருபது நாளா அம்மா போன் பண்ணினப்பல்லாம், "இங்கே இப்போ நடுராத்திரிம்மா, அப்புறம் பேசறேன்"னு வெச்சது நான்தான். "எல்லாரும் பார்க்கிறாங்கம்மா"ன்னு எப்பவும் விலகுறவன், அன்னிக்கு விலகலை.

அடுத்த தடவை என் வாட்ச்சும் இந்தியா டைம்லதான் ஓடும்!