என் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆட்டோ ஹெட்லைட் போட்ட கதை

1/ மருத்துவப் பதிவு எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். இன்னைக்கு ஒரு கார் கதை. நடுவுல கண்ணைப் பத்திக் கொஞ்சம் வரும், நம்ம விருதுநகர்ப் பக்கத்துச் சாயங்காலத்தைப் பத்தியும் வரும். கார் இல்லாதவங்களும் படிங்க. முக்கியமா அவங்களை நினைச்சுத்தான் எழுதறேன்.

2/ என்கிட்ட ஒரு சான் ஸ்டார்ம் இருக்கு. பலர் கேள்விப்பட்டே இருக்க மாட்டீங்க. 1990-களோட கடைசியில நம்ம நாட்டுலயே தயாராகி வந்த ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டு கதவு, திறந்த கூரை, ஃபைபர் பாடி, ரெனோவோட 1.2 லிட்டர் எஞ்சின். 60 குதிரைத்திறன்தான். இன்னைக்கு வர்ற சாதாரண ஹேட்ச்பேக் எல்லாம் அதை ஓவர்டேக் பண்ணிட்டுப் போகும். ஆனா ஓட்டுற சந்தோஷத்துக்குக் குறைச்சல் இல்ல.

3/ செகண்ட் ஹேண்ட்ல வாங்கி, செக்கச் செவேல்னு பெயிண்ட் அடிச்சேன். "இந்தக் கலருக்கு ஒரு மைல் தூரத்துல வந்தாலும் தெரியும்"னு வீட்ல பெருமை வேற பேசியிருக்கேன். இந்த வசனத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

4/ போன புரட்டாசி மாசம். தீபாவளி ஆர்டருக்காக சிவகாசிப் பக்கம் எல்லா ஆலையும் மும்முரமா ஓடுற நேரம். சாயங்காலம் ஆறு மணிக்குப் போன். "சார், ரெண்டு பர்ன்ஸ் கேஸ் வந்துட்டிருக்கு, கிளம்பிடுங்க." விருதுநகர்ல இருந்து கிளம்பிட்டேன். மனசு முழுக்க எவ்வளவு ட்ரிப் போடணும், மூச்சுக்குழாய் வெந்திருக்குமா, மதுரைக்கு அனுப்பணுமா என்கிற கணக்குதான்.

5/ ஆமத்தூர் தாண்டி, மணி ஆறே கால் இருக்கும். எதிர்ல ஒரு பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். அதோட லைட் மினுக் மினுக்னு எரியுது. என்னைப் பார்த்து நிறுத்துவாங்கன்னு நான் நினைக்கிறேன். அவங்க சாவகாசமா என் குறுக்கே திரும்பறாங்க.

6/ பிரேக்கை முழுசா மிதிச்சதுல வண்டி குறுக்கே இழுத்து ரோட்டோரச் சீமைக்கருவேல முள்ளுக்குள்ள மூக்கை நுழைச்சு நின்னுச்சு. அவங்களுக்கு அடி எதுவும் இல்ல. தூக்குவாளி மட்டும் விழுந்து ரோட்ல உருண்டு போச்சு. புருஷன், பொண்டாட்டி ரெண்டு பேர். ஆலையில வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறவங்க. அந்த ஆளோட கை, காது மடல் எல்லாம் அலுமினியப் பவுடர் படிஞ்சு வெள்ளியா மின்னுது.

7/ நான் இறங்கிக் கத்தத் தயாரா இருந்தேன். அதுக்குள்ள அந்தம்மா கேட்டாங்க: "ஏன் சார், வெளக்கப் போட்டுட்டு வரக் கூடாதா? வண்டி வர்றதே தெரியலையே!"

திரும்பிப் பார்த்தேன். என் வண்டியில ஒரு லைட்டும் எரியல. அந்த மினுக் மினுக் எக்ஸ்.எல்.காரர் லைட் போட்டிருந்தார். போடாம வந்தது நான்.

8/ விபத்துக் கேஸுக்கு ஏ.ஆர். எழுதும்போது எத்தனை பேர்கிட்ட "லைட் போடாம வந்தீங்களா?"ன்னு அதட்டியிருப்பேன்! அன்னைக்கு நாலு அடி தள்ளி நின்னிருந்தா அந்த ரெண்டு பேருக்கும் நானே ஏ.ஆர். எழுத வேண்டியிருந்திருக்கும்.

9/ சரி, ஏன் லைட் போடல? அலட்சியம்னு ஒரே வார்த்தையில முடிச்சிருக்கலாம். யோசிச்சுப் பார்த்தா அது முழுசா உண்மையில்ல. அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு ரோடு நல்லாத் தெரிஞ்சுது. இருட்டிடுச்சுன்னே தோணல. இங்கதான் கண்ணைப் பத்திச் சொல்லணும்.

10/ நம்ம கண் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் இல்ல. வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக் குறையும்போது பாப்பா விரியும், விழித்திரையும் தன்னை மாத்திக்கிட்டே வரும். அதனால உச்சி வெயிலுக்கும் அந்திக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம் இருந்தாலும் "இன்னும் வெளிச்சம் இருக்கே"ன்னுதான் மூளை சொல்லும். அந்தியில நாம இழக்கிறது வேற. நிறமும், ஒரு பொருளைப் பின்னணியில இருந்து பிரிச்சுக் காட்டுற வித்தியாசமும் போயிடும். அது போனது நமக்குத் தெரியவே தெரியாது.

11/ நிறத்துல ஒரு வேடிக்கை இருக்கு. பகல்ல வேலை செய்யற கூம்பு செல்கள் ஓய்வுக்குப் போய், கோல் செல்கள் பொறுப்பெடுக்கிற நேரத்துல முதல்ல கறுத்துப் போறது சிவப்பு. பச்சையும் நீலமும் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும். 200 வருஷம் முன்னாடி இதைக் கவனிச்சு எழுதினவர் புர்கின்ஜி. இதயத்துல புர்கின்ஜி இழைகள்னு படிச்சிருப்பீங்களே, அதே ஆள்தான்.

12/ ஆக, ஒரு மைல் தூரத்துல தெரியும்னு நான் பீத்திக்கிட்ட சிவப்புக் கார், அந்தியில ரோட்டை விட்டு முதல்ல மறையற கார். இதுல இன்னொன்னும் சேர்ந்துக்கிச்சு. விருதுநகர்ல இருந்து சிவகாசி தென்மேற்கு. எனக்கு முன்னாடி வானம் செவந்து வெளிச்சமா இருந்துச்சு. எதிர்ல வந்த அவங்களுக்கு என் பின்னாடி இருந்தது கிழக்கு வானம், அதாவது இருட்டு. நான் அவங்களைப் பார்த்தேன். அவங்க பார்த்தது வெறும் ரோடு.

13/ நம்ம ஊர் அந்தி ரொம்பக் குட்டை. லண்டன்ல ஜூன் மாசம் சூரியன் மறைஞ்சு முக்கால் மணி நேரம் வரைக்கும் வெளிச்சம் இருக்கும். நமக்கு 20, 25 நிமிஷத்துல முடிஞ்சிடும். மத்திய மோட்டார் வாகன விதி 105 சூரியன் மறைஞ்சு அரை மணி நேரத்துல இருந்து விளக்கு எரியணும்னு சொல்லுது. கூடவே, வெளிச்சம் போதாத எந்த நேரத்திலும் எரியணும்னும் சொல்லுது. அரை மணியை மட்டும் பிடிச்சுக்கிட்டா நம்ம ஊர்ல அதுக்குள்ள கும்மிருட்டு. அந்த 25 நிமிஷத்துலதான் ஆலை விடுறதும், நடந்தும் சைக்கிள்லயும் எக்ஸ்.எல்.லயும் ஜனங்க வீடு திரும்பறதும். ஹெட்லைட் அப்ப ஓட்டுறவனுக்கு ரோடு காட்டுறதில்ல. வண்டியை அவங்களுக்குக் காட்டுது.

14/ இதனாலதான் 2017 ஏப்ரல் 1-ல இருந்து புதுசா வர்ற டூ வீலர்ல ஹெட்லைட் சுவிட்சே கிடையாது. எஞ்சின் ஓடினா லைட் எரியும். "தம்பி, பகல்ல லைட் எரியுது"ன்னு நாம சைகை காட்டினதெல்லாம் வீண். கார்ல வெளிச்சத்தைப் பார்த்துத் தானா எரியற ஹெட்லைட்டும் புதுசு இல்ல. 1964-லயே காடிலாக் 'ட்வைலைட் சென்டினல்'னு பேர் வச்சுப் போட்டுட்டான். அந்திக் காவலன்னு சொல்லலாம். என் வண்டியில அது இல்ல. சரி, போட்டுடலாம்னு முடிவு பண்ணினேன்.

15/ எங்க ஊர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சிகிட்ட போனேன். கேட்டுட்டுச் சிரிச்சார். "வெளக்கு போட மறக்கிறதுக்கு ஒரு மிஷினா சார்? ஞாபகமாப் போட்டாப் போச்சு." நடந்ததைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திட்டு பானெட்டைத் திறந்தார்.

16/ விஷயம் எளிசுதான். எல்.டி.ஆர்.னு ஒரு சென்சார், மிளகு வடை வில்லை மாதிரி குட்டியா இருக்கும். வெளிச்சம் விழுந்தா அதோட மின்தடை குறையும், இருட்டினா கூடும். அதை டேஷ்போர்டு மேல வானம் பார்த்து ஒட்டணும். ஒரு சின்ன சர்க்யூட் அதைக் கவனிச்சு, குறிச்ச அளவுக்குக் கீழ வெளிச்சம் போனா ரிலேவைத் தட்டும். ரிலே ஹெட்லைட்டை எரிய விடும்.

17/ ரிலே எதுக்கு? 55 வாட் பல்பு ரெண்டும் சேர்ந்தா 9 ஆம்பியர் இழுக்கும். சென்சாரால அதைத் தாங்க முடியாது. அதனால பேட்டரியில இருந்து நேரா ஃபியூஸ் போட்டுத் தனி வயர். இதுல எதிர்பாராத லாபம் ஒண்ணு. முன்னாடி மொத்தக் கரண்டும் பழைய சுவிட்ச் வழியாச் சுத்திப் போனதுல, பல்புகிட்ட ஒரு வோல்ட்டுக்கு மேல குறைஞ்சுது. வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா ஹாலோஜன் பல்போட வெளிச்சம் 30 சதவீதம் வரைக்கும் குறையும். ரிலே போட்டதும் அதே பல்பு பளிச்னு எரிஞ்சுது.

18/ நான் பாடியில ஒரு போல்ட்டைக் காட்டி "எர்த் இங்க எடுக்கலாமா அண்ணாச்சி?"ன்னு கேட்டேன். "சார், இது ஃபைபர். இதுல எர்த் கேட்டா வீட்டுக் கதவுல கேட்ட மாதிரி." சேசிஸ்ல இருந்து தனி எர்த் வயர் இழுத்தார். எம்.பி.பி.எஸ். படிச்சா எல்லாம் தெரியும்கிற நினைப்பு அங்க இறங்குச்சு.

19/ முதல் நாள் ஓட்டம் ஒரே கூத்து. திருத்தங்கல்ல ஒவ்வொரு தெருவிளக்குக்குக் கீழயும் லைட் அணையுது, தாண்டினதும் எரியுது. எதிர்ல வந்த மினி பஸ் டிரைவர் நான் அவருக்கு வணக்கம் வைக்கிறேன்னு நினைச்சு, பதிலுக்கு லைட் அடிச்சுட்டுப் போனார். அண்ணாச்சி ரெண்டு வேலை செஞ்சார். எரியறதுக்கு ஒரு அளவு, அணையறதுக்கு அதைவிட அதிக வெளிச்சம்னு பிரிச்சு வச்சார். அரை நிமிஷம் தொடர்ந்து வெளிச்சம் இருந்தாத்தான் அணையணும்னு தாமதமும் சேர்த்தார். அதுக்கப்புறம் புளியமர நிழலுக்கும் தெருவிளக்குக்கும் அது அசையறதில்ல.

20/ நீங்க யாராவது போடறதா இருந்தா மூணு விஷயம் மறக்காதீங்க.

ஒண்ணு, பழைய சுவிட்ச் அப்படியே வேலை செய்யணும். பெட்டி செத்துட்டா கையால போட்டுக்க வழி இருக்கணும். மழையும் புகையும் சென்சாருக்குத் தெரியாது, அதுக்கும் கைதான்.

ரெண்டு, முன்னாடி லைட்டோட பின்னாடி சிவப்பு லைட்டும் சேர்ந்து எரியணும். முன்னாடி மட்டும் பளிச்னு இருந்தா எல்லாமே எரியுதுன்னு நினைச்சுப்போம். பின்னாடி வர்ற லாரிக்கு நாம இருக்கிறதே தெரியாது.

மூணு, லோ பீம் மட்டும் போதும். இதான் சாக்குன்னு கண்ணைப் பறிக்கிற வெள்ளை பல்பு மாட்டாதீங்க. எதிர்ல வர்றவருக்குக் கண்புரை ஆரம்பிச்சிருந்தா அந்த வெளிச்சம் கண்ணுக்குள்ள சிதறி, சில நொடி ரோடே தெரியாது.

21/ அன்னைக்கு ராத்திரிக்கு வர்றேன். அந்த ரெண்டு பர்ன்ஸ் கேஸும் பிழைச்சுட்டாங்க. கட்டுப் போடும்போது ஒருத்தர்கிட்ட "இவ்வளவு வருஷ அனுபவம், எப்படிப்பா?"ன்னு கேட்டேன். "பழகிப் போச்சு சார். அதான்"னார். பட்டாசு மருந்தோட புழங்குறவங்க வாயில இந்த வார்த்தையை எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். அன்னைக்குத்தான் அது என் காதுல விழுந்துச்சு. எனக்கும் அந்த ரோடு பழகிப் போச்சு. என் கண்ணும் இருட்டுக்குப் பழகிப் போச்சு.

22/ பட்டாசு ஆலையில ஒரு ஷெட்ல நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாது, ஷெட்டுக்கு ஷெட் இடைவெளி வேணும், இரும்புச் சாமான் கூடாதுன்னு விதி வச்சிருக்கிறது, தொழிலாளி கவனமில்லாதவர்னு நினைச்சு இல்ல. எவ்வளவு கவனமான ஆளுக்கும் ஒரு நாள் பழக்கம் கண்ணை மறைக்கும் என்கிறதால. ஆபரேஷன் தியேட்டர்ல உலக சுகாதார நிறுவனம் 2008-ல கொண்டு வந்த பட்டியலை வச்சு, நோயாளி பேரையும் எந்தப் பக்கம்னும் சத்தமாச் சொல்லிச் சரிபார்க்கிறதும் அதுக்குத்தான். அங்க நான் இதை ஒத்துக்கிட்டேன். காருக்குள்ள மட்டும் "நான் டாக்டர், மறக்க மாட்டேன்"னு இருந்திருக்கேன்.

23/ அந்த எல்.டி.ஆர். பத்து ரூபாய்ச் சாமான். அதுக்குப் பழக்கம்னு ஒண்ணு கிடையாது. எந்தப் போன் வந்தாலும், மனசு எங்க இருந்தாலும், இருட்டினா இருட்டுன்னு சொல்லிடும்.

24/ இன்னைக்குச் சாயங்காலம் ஒரு வேலை செய்ங்க. வண்டியை ஸ்டார்ட் பண்ணி, லைட்டைப் போட்டுட்டு, இறங்கி ஒரு சுத்து நடந்து பாருங்க. முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு எரியுதா? அப்பாவோட பழைய எக்ஸ்.எல்., தாத்தாவோட சைக்கிள், எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கராவது ஒட்டி விடுங்க.

25/ இப்பவும் அதே ரோடு, அதே நேரம் போறேன். ஆமத்தூர் பக்கம் வரும்போது டேஷ்போர்டுக்குள்ள ரிலே 'டக்'னு ஒரு சத்தம் போடும். எனக்கு அப்பவும் வெளிச்சம் இருக்கிற மாதிரிதான் தெரியும். வண்டியோட வேகத்தைக் குறைச்சுக்கறேன். ரோட்டோரம் தூக்குவாளியோட நடந்து போறவங்க திரும்பிப் பார்த்து ஓரமா ஒதுங்கறாங்க. அவங்களுக்கு நான் தெரியறேன்.