குறிக்கு முன் நிலை

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோர் உள்ளம் அஞ்சுவது இயல்பே. அவ்வச்சத்தில் நியாயமும் உண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காற்றுத் துப்பாக்கியும் சட்டத்தின் பார்வையில் ஆயுதமே. உரிமமின்றி அதனை வைத்திருத்தல் குற்றமாகும். எனினும், தக்க பயிற்றுநரின் கண்காணிப்பில், உரிய அரங்கில் நடைபெறும் குறிசுடும் பயிற்சி இளையோரின் உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே பண்படுத்த வல்லது. 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி முதன்முதலாக இடம்பெற்றது. 2014இல் மியூனிக் நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் சிங்கப்பூரின் மார்ட்டினா வெலோசோ தம் 14ஆம் வயதில் தங்கம் வென்றார். கடலூரில் பிறந்த தமிழ்ப் பெண்ணான இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் தங்கம் பெற்றார்.

இவர்கள் நோக்கும் குறி எத்தகையது? பத்து மீட்டர் தொலைவில் உள்ள தாளின் நடுவே, 0.5 மில்லிமீட்டர் விட்டமே உடைய ஒரு புள்ளி. நாம் எழுதும் முற்றுப்புள்ளியினும் சிறியது. அதனை 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டால் தொட வேண்டும். கூரிய கண்ணும் வலிய கையும் இதற்குப் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. தசை எத்துணை வலியதாயினும் சிறிது நேரத்தில் சோர்ந்து நடுங்கும், எலும்போ சோர்வதில்லை. ஆகவே துப்பாக்கியின் எடையைத் தசையிடம் கொடாமல், எலும்பின் வழியே தரைக்குக் கொண்டு செல்வதே உடல்நிலைக் கலையின் உயிர்நாடி.

குப்புறப் படுத்துச் சுடும் நிலையே மிக உறுதியானது. வலக்கைப் பழக்கமுடைய மாணவனின் உடல், குறியை நோக்கிய கோட்டிற்குச் சற்று இடப்புறம் சாய்வாகக் கிடத்தல் வேண்டும். வல முழங்காலைச் சிறிது மடக்கினால் வயிறு தரையினின்று உயரும். மூச்சும் தடையின்றி இயங்கும். இடக்கை துப்பாக்கியை இறுகப் பற்றாது, அதனைத் தாங்கும் தட்டாக மட்டுமே இருக்கும். எடையை ஏற்பது மேற்கையில் மாட்டிய தோல்வார்.

மண்டியிட்ட நிலையில் வல முழங்கால், வலப் பாதத்தின் முன்பகுதி, இடப் பாதம் ஆகிய மூன்றும் அடுப்புக் கற்களைப் போல் உடலைத் தாங்குகின்றன. எடையின் பெரும்பகுதி வலக் குதிகால்மீது அமரும். கணுக்காலுக்கு அடியில் சிறு உருளைத் திண்டு வைப்பர். இடக் கணைக்கால் செங்குத்தாக நிற்க வேண்டும். இட முழங்கையின் முனை முழங்கால் சில்லின் உச்சியில் அமர்தல் கூடாது; எலும்பு முனைமேல் எலும்பு முனை வழுக்கும்.

நின்ற நிலையே மிகக் கடினமானது. பாதங்கள் தோளகலத்தில் ஊன்றி நிற்க, உடல் குறிக்குப் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். இட இடுப்பு துப்பாக்கிக்கு நேர் கீழே வர, இட முழங்கை விலாவிலோ இடுப்பெலும்பிலோ சார்ந்திருக்கும். தலையைத் துப்பாக்கியிடம் குனியச் செய்யாமல், துப்பாக்கியைத் தலையிடம் உயர்த்துதலே முறை. இடக்கைப் பழக்கமுடையோர் இவற்றை வலம் இடமாக மாற்றிக் கொள்க.

நிலை சரியானதா என அறிய எளிய சோதனை உண்டு. குறிபார்த்தபின் கண்களை மூடி, ஓரிரு முறை மூச்சுவிட்டுத் திறந்து பார்த்தல் வேண்டும். துப்பாக்கி குறியைவிட்டு விலகியிருந்தால், அதுவரை கை அதனை வலிந்து பிடித்திருந்தது என்பது தெளிவு. அப்போது திருத்த வேண்டியது கையை அன்று. நின்ற நிலையில் பாதங்களை. கையால் தள்ளிக் குறியை எட்டும் மாணவனுக்கு ஓரிரு முறை வெற்றி கிட்டலாம். அவ்வெற்றியே அவனுக்குக் கேடு. பிழையான நிலை பழக்கமாகிவிடும். பின்னர் அதனை மறக்கச் செய்வது புதிதாகக் கற்பிப்பதினும் அரிது.

இங்கு ஆசிரியர்க்கும் ஒரு கடமை உண்டு. தொடக்க நாள்களில் அவர் காண வேண்டியது தாளில் விழுந்த துளைகளை அன்று, மாணவனின் பாதங்களை, இடுப்பை, முதுகை. வளரும் உடலுக்கு மிஞ்சிய எடையுள்ள துப்பாக்கியைக் கொடுத்தால், பிள்ளை முதுகை வளைத்தே அதனைத் தாங்குவான். போட்டித் துப்பாக்கி 5.5 கிலோகிராம் வரை இருக்கலாம். சிறுவர்க்கு எடை குறைந்ததும் கட்டை குறுகியதுமே ஏற்றவை. ஒரு பக்கமாகவே வளைந்து நிற்பதால் முதுகுவலி வராதிருக்க, முதுகையும் வயிற்றையும் வலுப்படுத்தும் உடற்பயிற்சி உடன் வேண்டும்.

நிலை என்பது எல்லாரையும் ஒரே வார்ப்பில் ஊற்றுவதும் அன்று. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மலேசிய வீராங்கனை நூர் சுர்யானி முகமது தாயிபி, எட்டு மாதக் கருவைச் சுமந்தவாறே 10 மீட்டர் போட்டியில் பங்கேற்றார். மாறிய உடலுக்கும் அதற்குரிய சமநிலை உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? நெடியவன் நிலை குறியவனுக்குப் பொருந்தாது; விதி ஒன்றே, அதனை ஏற்கும் உடல் வேறு.

மூச்சைச் சற்றே வெளியிட்டு நிறுத்திய சில நொடிகளுள் விசையை மெல்ல அழுத்த வேண்டும். குறி அதற்குள் அமையவில்லையெனில், விரலை விசையினின்று எடுத்து, குழலைக் குறித்திசையிலிருந்து திருப்பாமல் துப்பாக்கியைத் தாழ்த்தி, மீண்டும் முதலிலிருந்து தொடங்குதல் வேண்டும். சுடக் கற்றவர் பலர்; சுடாமல் தாழ்த்தக் கற்றவரே பயிற்சி பெற்றவர். இவ்வடக்கம் கைவந்த இளைஞரிடம் துப்பாக்கி இருப்பதைக் கண்டு பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை.